பிரா அளவில் '34' என்றால் என்ன? சரியானதைத் தேர்ந்தெடுப்பதும், நீண்ட நாள் பயன்படுத்துவதும் எப்படி?

புதுடெல்லி: "34 சைஸ் கொடுங்கள்" என்று தாழ்ந்த குரலில் கேட்டு, கடைக்காரர் காகிதத்தில் சுற்றித் தரும் பிராவைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு திரும்புவது நம் நாட்டில் பல பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று. டெல்லியின் சரோஜினி நகர் சந்தையானாலும், சிற்றூரின் கடைத்தெருவானாலும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. அணிந்து பார்க்க அறை இருக்காது. 'உள்ளாடைகள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற அறிவிப்பு மட்டும் தவறாமல் இருக்கும். வீட்டிற்கு வந்து அணிந்தால் தோளில் அழுத்தும், அல்லது முதுகில் மேலேறும். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று அதையே மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வோரும் உண்டு.

தவறான அளவில் பிரா அணிவது இந்தியாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பங்கேற்ற இளம்பெண்களில் 80 சதவீதம் பேர் தவறான அளவையே அணிந்திருந்தது தெரியவந்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் வெறும் 30 பேர் என்பதால் அந்த விழுக்காட்டை எல்லோருக்கும் பொருத்திப் பேச முடியாது. ஆயினும், அணிந்து பார்த்து வாங்கும் வசதி உள்ள நாட்டிலேயே இந்த நிலை என்றால், ஊகத்தில் வாங்கும் இடங்களில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தேவைப்படுவது தையல் பெட்டியில் கிடக்கும் ஓர் இன்ச் டேப் மட்டுமே.

லேபிளில் உள்ள எண் எதைக் குறிக்கிறது?

'34B' என்ற அளவில் 34 என்பது மார்பகத்திற்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி அமரும் பட்டியின் அளவு. B என்பது 'கப்' அளவு. இந்த ஆங்கில எழுத்து முறை 1930-களில் அமெரிக்காவில் வழக்கத்திற்கு வந்தது. பலரும் நினைப்பதுபோல, எழுத்து மட்டுமே மார்பகத்தின் பருமனைச் சொல்லிவிடாது. மார்பகத்தின் சுற்றளவுக்கும் அதன் கீழ்ச் சுற்றளவுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தையே அது குறிக்கிறது. எனவே 32B-யில் உள்ள கப்பும் 38B-யில் உள்ள கப்பும் ஒன்றல்ல. பின்னது கணிசமாகப் பெரியது.

அடுத்த குழப்பம் எண்ணில் இருக்கிறது. 34 என்று அச்சிடப்பட்ட பிரா, கீழ்ச்சுற்று 34 அங்குலம் உள்ளவருக்கானது அன்று. நடைமுறையில் அது ஏறத்தாழ 29 முதல் 30 அங்குலம், அதாவது 73 முதல் 77 சென்டிமீட்டர் உள்ளவருக்கே பொருந்தும். ஐரோப்பிய அளவுமுறையில் இதே பிராவில் 75 என்று இருக்கும். அந்த எண் உடலின் அளவை நேரடியாகச் சொல்வதால் குழப்பம் குறைவு. ஆகவே அங்குலத்தைக் கூட்டிக் கழித்துக் கணக்குப் போடுவதைவிட, சென்டிமீட்டரில் அளந்து வைத்துக்கொள்வதே நல்லது.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று, மூச்சை வெளியே விட்ட நிலையில், மார்பகத்திற்கு நேர் கீழே டேப்பைச் சற்று இறுக்கமாகச் சுற்றி அளக்க வேண்டும். டேப் முதுகிலும் முன்புறத்திலும் ஒரே மட்டத்தில் இருப்பது அவசியம். பின்னர், பஞ்சு வைக்காத மெல்லிய பிரா ஒன்றை அணிந்துகொண்டு, மார்பகத்தின் மிக எடுப்பான பகுதியைச் சுற்றி இறுக்காமல் அளக்க வேண்டும். தேவைப்படுவது இந்த இரண்டு எண்கள்தாம்.

கீழ்ச்சுற்று 68 முதல் 72 செ.மீ. வரை இருந்தால் பொதுவாக 32 என்ற அளவு பொருந்தும். 73 முதல் 77 வரை 34, 78 முதல் 82 வரை 36, 83 முதல் 87 வரை 38. இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம் 12 முதல் 14 செ.மீ. என்றால் A, 16 வரை B, 18 வரை C, 20 வரை D. எடுத்துக்காட்டாக, கீழ்ச்சுற்று 75, மேல்சுற்று 90 என்றால் வித்தியாசம் 15, அளவு 34B. இது தொடக்கப்புள்ளி மட்டுமே. நிறுவனத்திற்கு நிறுவனம் வெட்டும் துணியும் மாறுவதால், அந்தந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை அளந்தது ஆயுளுக்கும் போதும் என்பதும் தவறு. உடல் எடை மாறும்போதும், கர்ப்பக் காலத்திலும், பாலூட்டும் மாதங்களிலும் அளவு மாறும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சிலருக்கு மார்பகம் வீங்கி வலிப்பதும் இயல்பு. வளரும் பருவப் பெண்பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் 'இன்னும் இரண்டு வருடம் ஆகும்' என்று பெரிதாக வாங்கிக் கொடுப்பதைக் காண்கிறோம். பாவாடை சட்டைக்கு அந்தக் கணக்கு சரி; பிராவுக்குச் சரிவராது. பாலூட்டும் தாய்மார்கள் இறுக்கமான பிரா அணிவதைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். தொடர் அழுத்தத்தால் பால் கட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

"36 இருக்கிறது, அதையே எடுங்கள்":

கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பெரும்பாலான சிறிய கடைகளில் B கப் பிராக்களே நிறைந்திருக்கும். C, D அளவுகள் அரிது. அதனால் 34D தேவைப்படும் பெண்ணுக்கு 38B கொடுக்கப்படுகிறது. கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் முதலில் சரியாக இருப்பதுபோல் தோன்றும். பட்டி எண் ஒரு படி கூடும்போது கப் எழுத்து ஒரு படி குறைந்தால் கொள்ளளவு மாறாது என்பதே இதன் பின்னுள்ள கணக்கு. 34C, 36B, 32D மூன்றுக்கும் கப் ஒன்றுதான்.

ஆனால், மார்பகத்தின் எடையில் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது கீழ்ப்பட்டி. அது தளர்வாக இருந்தால் முதுகில் மேலேறிவிடும், முன்புறம் தாழும். அதைச் சரிசெய்ய ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்குவோம். எடை முழுவதும் தோளுக்கு மாறும். தோளில் பள்ளம் விழுவதற்கும், மாலையில் கழுத்து வலிப்பதற்கும் பலருக்குக் காரணம் ஸ்ட்ராப் அல்ல, தளர்ந்த பட்டிதான். அளவு கிடைக்காதபோது ஒரு படி மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு படி தாண்டுவது பயன் தராது. கப் சரியாக இருந்து பட்டி மட்டும் இறுக்கமாக இருந்தால், ஃபேன்சி ஸ்டோர்களில் கிடைக்கும் கொக்கி இணைப்புப் பட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

புதிய பிராவை அணிந்து பார்க்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டிப் பார்க்க வேண்டும். அப்போதே பட்டி உறுதியாக அமர வேண்டும். அதற்கடியில் இரண்டு விரல்கள் மட்டும் நுழையலாம். நாளடைவில் எலாஸ்டிக் தளரும்போது உள் கொக்கிகளுக்கு மாறுவதற்காகவே கூடுதல் வரிசைகள் வைக்கப்பட்டுள்ளன. முதல் நாளே உள் கொக்கியில் மாட்டினால்தான் பிடிக்கிறது என்றால் அது பெரிய அளவு. சற்றே முன்குனிந்து மார்பகத்தைக் கப்பிற்குள் முழுமையாக அமர்த்திய பின், இரு கைகளையும் மேலே தூக்கிப் பாருங்கள். பட்டி நகரக் கூடாது. மேல் விளிம்பில் சதை பிதுங்கினால் கப் சிறியது. துணி சுருங்கி நின்றால் பெரியது. கம்பி வைத்த பிராவாக இருந்தால், கம்பி மார்பகத்தைச் சுற்றி விலா எலும்பின்மீது அமர வேண்டும். மார்பகத்தின்மேல் ஏறக் கூடாது.

புடவை அணிபவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ளலாம். ரவிக்கைக்கு அளவு கொடுக்கச் செல்லும்போது தளர்ந்த பழைய பிராவை அணிந்து சென்றால், அளவும் அதற்கேற்பவே அமையும். பின்னர் புதிய பிராவுடன் அந்த ரவிக்கையை அணிந்துவிட்டுத் தையற்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

துவைக்கும் முறையில் இருக்கிறது ஆயுள்:

பிராவின் பிடிப்பிற்குக் காரணம் துணியில் கலந்துள்ள ஸ்பான்டெக்ஸ் என்னும் மீள்தன்மை கொண்ட இழை. அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் 1958-ல் உருவாக்கியது இது. வெப்பமும் குளோரின் ப்ளீச்சும் இதற்குப் பகை. வெந்நீரில் ஊறவைத்து, ப்ளீச் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, முறுக்கிப் பிழிந்தால், விலை உயர்ந்த பிராவும் சில மாதங்களில் தொளதொளத்துவிடும். குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புத்தூள் கலந்து, கால் மணி நேரம் ஊறவைத்து, கையால் அலசினாலே வியர்வை போய்விடும். இயந்திரத்தில் போடுவதானால் கொக்கிகளை மாட்டி, வலைப்பைக்குள் வைத்து, மென்மையான சுழற்சியில் போட வேண்டும். இல்லையெனில் கொக்கி மற்றத் துணிகளையும் கிழிக்கும்.

பிழிவதற்குப் பதிலாக, துண்டில் சுற்றி அழுத்தி நீரை எடுக்கலாம். ஈரமான பிராவை ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் நீரின் எடையில் அது நீளும். நடுப்பகுதியைக் கொடியில் போட்டு உலர்த்துவது நல்லது. ஒரே பிராவை அடுத்தடுத்த நாட்களில் அணியாமல் இருப்பதும் முக்கியம். இழுபட்ட எலாஸ்டிக் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு நாள் ஓய்வு தேவை. அணிய ஒன்று, துவைக்க ஒன்று, ஓய்வில் ஒன்று என மூன்று இருந்தால் மூன்றும் நீண்ட நாள் வரும்.

துண்டுக்கு அடியில் மறைத்து உலர்த்தலாமா?

ஆண்கள் பார்க்கக் கூடாது என்பதற்காக, குளியலறை மூலையிலோ, புடவைக்கும் துண்டுக்கும் அடியிலோ பிராவை உலர்த்துவது இன்றும் பல வீடுகளில் தொடர்கிறது. மழைக்காலத்தில் அது முழுமையாக உலர்வதே இல்லை. ஈரப்பதத்துடன் அணியும்போது, வியர்வையும் சேர்ந்து, மார்பகத்தின் அடி மடிப்பில் சிவந்து அரிக்கும் புண்ணும் பூஞ்சைத் தொற்றும் ஏற்படக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் இதற்கான வாய்ப்பு அதிகம். கூச்சத்தால் மருத்துவரிடம் செல்லாமல், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தடவுவது நிலையை மோசமாக்கும். கடும் வெயில் எலாஸ்டிக்கைப் பாதிக்கும் என்பதால் காற்றோட்டமான நிழலே ஏற்றது. ஆனால் ஈரமா, வெயிலா என்று வந்தால் வெயிலே மேல்.

பிரா அணிவதால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற செய்தி சமூக வலைதளங்களில் அவ்வப்போது வலம் வருகிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களிடம் அப்படி எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. அதேவேளை, குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ கட்டி, தோலில் குழி, காம்பிலிருந்து கசிவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும், அதைப் பிராவின் அழுத்தம் என்று எண்ணி நாட்களைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எத்தனை மாதத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதற்குப் பொதுவான கணக்கு இல்லை. தினமும் மாற்றி மாற்றி அணியும் மூன்றில் ஒவ்வொன்றும் ஓராண்டு வரை தாக்குப்பிடிக்கலாம். உள் கொக்கியில் மாட்டியும் பட்டி முதுகில் ஏறினாலோ, பட்டியின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டு வந்தாலோ, ஸ்பான்டெக்ஸ் அறுந்துவிட்டது என்று பொருள். கம்பி துணியைத் துளைத்து வெளியே வந்த பிராவைத் தைத்துத் தைத்து அணிய வேண்டாம். மீண்டும் அதே இடத்தில்தான் குத்தும்.