பயிற்றுநர் திரும்பிய பின்: இலங்கை விமானப்படை உருவாக்கத்தில் அயல்நாட்டுப் பயிற்சியும் பராமரிப்புச் சார்பும்

ஆய்வுச் சுருக்கம்

புதிதாக விடுதலை பெற்ற சிறுநாடுகள் தமக்கென விமானப்படை அமைத்தபோது அயல்நாட்டுப் பயிற்றுநர்களின் துணையை நாடின. அவ்வுதவி எப்போது முடிவுக்கு வருகிறது என்பதைப் பொதுவாகத் தளபதிப் பொறுப்பு உள்நாட்டவர் கைக்கு வந்த நாளைக் கொண்டே வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். இக்கட்டுரை அக்கணிப்பை மறுபரிசீலனை செய்கிறது. தலைமை ஒருமுறை கைமாறினால் போதும். பராமரிப்புத் திறனோ ஒவ்வொரு புதிய விமான வகையோடும் மீண்டும் கைமாற வேண்டியுள்ளது என்பதை இலங்கையின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இலங்கை விமானப்படை, பயிற்றுநர், பராமரிப்பு, தாம்பரம், கட்டுநாயக்கா, சார்புநிலை.

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், மணலூர்பேட்டைக்குத் தென்கிழக்கே அமைந்த உளுந்தூர்பேட்டையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த ஓடுபாதை ஒன்று பயன்பாடின்றிக் கிடக்கிறது. போர் முடிந்தது, படை வெளியேறியது, பாதை மட்டும் எஞ்சியது. அதைச் சுற்றியிருந்த மக்களிடம் விமானத் தொழில்நுட்பம் எதுவும் தங்கவில்லை. ஓடுபாதையும் விமானமும் மட்டும் விமானப்படை ஆகா என்பதற்கு இது எளிய சான்று. அதே ஆங்கிலேய விமானப்படை இலங்கையில் கட்டுநாயக்காவிலும் திருகோணமலையிலும் தளங்கள் அமைத்திருந்தது. ஆனால் அங்கு அது வெளியேறுமுன் ஒரு தேசிய விமானப்படைக்குப் பயிற்சியளித்தது. அப்பயிற்சியால் எஞ்சியது யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

பயிற்சியின் இரு தடங்கள்

விமானப்படைப் பயிற்சி இரு தடங்களில் நிகழ்கிறது. ஒன்று விமானிகளுக்கானது; மற்றொன்று தரைப் பணியாளர்களுக்கானது. முன்னது பெருமிதத்தோடு பேசப்படுவது. பின்னது பெரும்பாலும் ஆவணங்களுக்குள் அடங்கிவிடுவது.

பராமரிப்பை மூன்று படிநிலைகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, பறப்புக்கு முன்னும் பின்னும் ஓடுபாதையருகே நடைபெறும் சோதனை. இரண்டாவது, குறிப்பிட்ட பறப்பு மணிகளுக்கு ஒருமுறை தளத்தின் பணிமனையில் செய்யப்படும் பழுதுபார்ப்பு. மூன்றாவது, பொறியையும் உடற்பகுதியையும் முற்றிலும் பிரித்துச் செய்யும் முழுச் சீரமைப்பு. முதற்படியைச் சில மாதங்களில் கற்பிக்கலாம். மூன்றாம் படிக்குச் சோதனை மேடைகள், தனிவகைக் கருவிகள், உதிரிப்பாகங்கள், உற்பத்தியாளரின் கையேடுகள், பல்லாண்டு அனுபவம் ஆகிய அனைத்தும் வேண்டும். ஆங்கிலேய விமானப்படை மரபில், 'படிவம் 700' எனப்படும் பதிவேட்டில் தரைப் பணியாளர் கையொப்பமிட்ட பின்னரே விமானி விமானத்தை ஏற்பார். அக்கையொப்பத்தை இடும் தகுதி யாருக்கு உண்டோ, அவரிடமே அந்த விமானத்தின் உண்மையான பொறுப்பு தங்கியுள்ளது.

இந்திய முன்மாதிரி

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதற் படைப்பிரிவு 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் நான்கு வாப்பிட்டி விமானங்களோடு தொடங்கியது. முதல் இந்திய விமானிகள் இங்கிலாந்தின் கிரான்வெல்லில் பயின்றவர்கள். அப்படைப்பிரிவின் தலைமை 1939இல்தான் சுப்ரதோ முகர்ஜி என்னும் இந்தியரிடம் வந்தது. விடுதலைக்குப் பின்னரும் எல்ம்ஹர்ஸ்ட், ஐவ்லா-சாப்மன், கிப்ஸ் ஆகிய மூன்று ஆங்கிலேயர் அடுத்தடுத்துத் தலைமை வகித்தனர். 1954 ஏப்ரல் 1 அன்று முகர்ஜி முதல் இந்தியத் தளபதியானார்.

இக்காலத்திலேயே பயிற்றுநர்களை உருவாக்கும் பணியும் உள்நாட்டுமயமாயிற்று. 1948இல் அம்பாலாவில் தொடங்கப்பட்ட பறப்புப் பயிற்றுநர் பள்ளி 1954இல் சென்னையை அடுத்த தாம்பரத்திற்கு மாற்றப்பட்டது. நட்பு நாடுகளின் அதிகாரிகளும் அங்குப் பயின்று வருகின்றனர். 1959இல் உருவான கானா விமானப்படையின் முதல் தளபதி ஏர் கமோடோர் ஜஸ்வந்த் சிங் என்னும் இந்தியரே. மாணவராக இருந்த நாடு ஆசிரியரானதற்கு அடிப்படைக் காரணம், பயிற்றுநரைப் பயிற்றும் அமைப்பைத் தன் மண்ணிலேயே நிறுவிக்கொண்டமையாகும்.

இலங்கை: 1951 முதல் 1962 வரை

இலங்கை அரச விமானப்படை 1951 மார்ச் 2 அன்று நிறுவப்பட்டது. அதன் முதல் தளபதி ஆங்கிலேய விமானப்படையைச் சேர்ந்த குரூப் கேப்டன் பிளேடன். சிப்மங்க் விமானங்களில் தொடக்கப் பறப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. பின்னாளில் ஏக்கலையில் தரைப் பணியாளர்களுக்கான தொழிற்பயிற்சிப் பள்ளி அமைந்தது. 1957இல் ஆங்கிலேயத் தளங்கள் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. எனினும் தளபதிப் பொறுப்பு 1962 வரை ஆங்கிலேயரிடமே இருந்தது. அவ்வாண்டில் ரொஹான் அமரசேகர முதல் இலங்கைத் தளபதியானார். தளம் முதலிலும் தலைமை பின்னரும் கைமாறிய இவ்வரிசை கருதத்தக்கது.

இடைக்காலத்தில் வாங்கப்பட்ட வாம்பயர் ஜெட் விமானங்கள் பயன்பாட்டுக்கு வரவில்லை. அவற்றின் இடத்தை எளிய பயிற்சி ஜெட் விமானமான ஜெட் புரோவோஸ்ட் நிரப்பியது.

1971: திறனின் சோதனை

1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தது. பயன்பாட்டிலிருந்து விலக்கிச் சேமிப்பில் வைக்கப்பட்டிருந்த ஜெட் புரோவோஸ்ட் விமானங்களைத் தரைப் பணியாளர்கள் சில நாள்களுக்குள் மீண்டும் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தனர். இருபது ஆண்டுப் பயிற்சி முதலிரு படிநிலைகளில் வேரூன்றியிருந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

ஆயினும் அந்நெருக்கடியே புதிய சார்பையும் தோற்றுவித்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஹெலிகாப்டர்களை அனுப்பின. சோவியத் ஒன்றியம் மிக்-17 போர்விமானங்களையும், மிக்-15 பயிற்சி விமானத்தையும், கா-26 ஹெலிகாப்டர்களையும் வழங்கியது. ஆங்கிலேய மரபில் பயின்ற பணியாளர்கள் வேறு கருவிகளையும் வேறு பதிவுமுறையையும் வேறு மொழியில் அமைந்த கையேடுகளையும் எதிர்கொண்டனர். தலைமை இலங்கையரிடம் இருந்தது. கல்வியோ மீண்டும் முதல் வகுப்பிலிருந்து தொடங்கியது.

வகை மாற்றமும் தொடரும் சார்பும்

பின்னைய உள்நாட்டுப் போர்க்காலத்தில் இந்நிலை மேலும் சிக்கலாயிற்று. இத்தாலியின் மார்க்கெட்டி, அமெரிக்க வடிவமைப்பிலான பெல் ஹெலிகாப்டர்கள், சீனாவின் எஃப்-7, இஸ்ரேலின் கிஃபிர், உக்ரேனிலிருந்து வந்த மிக்-27 எனப் பல நாடுகளின் வகைகள் ஒரே சிறுபடையில் சேர்ந்தன. ஒவ்வொரு வகையும் தனக்கெனத் தனிப் பயிற்றுநர், தனி உதிரிப்பாகம், தனிச் சீரமைப்பு நிலையம் ஆகியவற்றை வேண்டி நின்றது. 2006இல் மிக்-27 விமானங்களை முழுமையாகப் புதுப்பிக்க உக்ரேனையே நாட வேண்டியிருந்தது. மூன்றாம் படிநிலை அயல்நாட்டிலேயே தங்கிவிட்டது என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

அண்மைக்கால ஒப்பீடாக மாலத்தீவைச் சுட்டலாம். இந்தியா வழங்கிய இரண்டு துருவ் ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்கிய இந்தியப் படையினர், மாலத்தீவு அரசின் கோரிக்கைப்படி 2024 மே மாதத்திற்குள் வெளியேறினர். அவர்களின் இடத்தில் இந்தியக் குடிசார் தொழில்நுட்பர்கள் அமர்த்தப்பட்டனர். சீருடை மாறியது, சார்பு மாறவில்லை.

பயிற்சியும் பொறுப்பும்

பராமரிப்பை நடுநிலையான தொழில்நுட்பப் பணியாகக் கருதுவது வழக்கம். இலங்கை வரலாறு அவ்வழக்கை ஐயுறச் செய்கிறது. உள்நாட்டுப் பணியாளர்தம் திறன் சிறப்பாக வெளிப்பட்ட 1971ஆம் ஆண்டிலேயே அத்திறன் சொந்த நாட்டு இளைஞர்களுக்கு எதிராகப் பயன்பட்டது. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்தின் நவாலித் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த பொதுமக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சில் உயிரிழந்தனர். குண்டு வீச ஆணையிட்டவரின் பொறுப்பே முதன்மையானது. ஆனால் உதிரிப்பாகமும் சீரமைப்பும் இன்றி ஒரு சிறுபடையின் விமானங்கள் நெடுநாள் பறக்க இயலா. எனவே அவற்றைத் தொடர்ந்து வழங்கும் நாடு, அவ்விமானங்கள் எதற்குப் பயன்படுகின்றன என்னும் வினாவிலிருந்து முற்றிலும் விலகி நிற்க முடியாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. தளபதிப் பொறுப்பு கைமாறிய நாள் ஒரு விமானப்படையின் தன்னிறைவு நாளன்று. பயிற்றுநரைப் பயிற்றும் நிறுவனத்தை உள்நாட்டில் நிறுவிய நாடே மாணவர் நிலையைக் கடக்கிறது. பல நாட்டு விமான வகைகளைச் சேர்க்கும் சிறுபடை தன் சார்பைக் குறைப்பதில்லை, பங்கிட்டுக்கொள்கிறது. ஆகவே இத்துறை ஆய்வாளர்கள் தளபதிகளின் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடாமல், பணிமனைப் பதிவேடுகளையும் சீரமைப்பு ஒப்பந்தங்களையும் மூலச் சான்றுகளாகக் கொள்வது இன்றியமையாததாகும்.