முதிரும் மென்பொருளும் பயனாளர் உரிமையும்



திறந்த மூல மென்பொருள் என்னும் தொடரை இக்காலத்தில் உங்களிற் பலர் கேட்டிருப்பீர்கள். கணினியைத் தொழிற்படுத்தும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். அக்கட்டளைகளின் மூலவரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம் என்று உரிமம் அளித்து வெளியிடுவார்களாயின், அதனைத் திறந்த மூல மென்பொருள் என்போம். இவ்வுரிமை பெரிது. ஆயினும் உரிமை வேறு, இயலுமை வேறு. பயர்பொக்ஸ் என்னும் இணைய உலாவியின் மூலவரிகள் பல மில்லியன். அவற்றைத் திருத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு; திருத்த வல்லவர் மிகச் சிலரே. அங்ஙனமாயின், செய்நிரலாக்கம் பயிலாத ஒரு கணக்காளருக்கோ ஆசிரியருக்கோ அவ்வுரிமையால் விளையும் பயன் யாது?

இவ்வினாவுக்கு விடையாக அமைவதே நீட்சி முறை. மென்பொருளின் உள்ளமைப்பிற் கைவைக்காது, சில வரிக் கட்டளைகளைத் தாமே எழுதி, தமக்கு வேண்டிய தொழிலை அதனைக் கொண்டு செய்வித்துக்கொள்ளும் வசதி அது. மாணவரின் பெயரும் புள்ளியும் கொண்ட நூறு பட்டியல்களை ஒரே வடிவில் அமைக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினால் நாட்கள் செல்லும். பொருத்தமான சில வரிக் கட்டளைகள் அதனை நொடிப்பொழுதில் முடித்துவிடும்.

இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஈமாக்ஸ் என்னும் உரைத் தொகுப்பி. 1976ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் அது தோன்றியது. 1978இல் பேர்னாட் கிறீன்பேர்க் என்பவர் மல்ரிக்ஸ் என்னும் கணினித் தொகுதிக்கென, லிஸ்ப் மொழியில் அதன் ஒரு வடிவத்தை ஆக்கினார். அவருடைய அலுவலகத்துச் செயலாளர்கள் அதனை விரிவாக்கத் தாமாகவே கற்றுக்கொண்டார்கள் என்று, ஈமாக்சின் முதல்வரான றிச்சட் ஸ்ரோல்மன் 2002இல் ஆற்றிய உரையொன்றிற் கூறியுள்ளார். அவர்கள் கையிலிருந்த வழிகாட்டி நூல், புதிய கட்டளைகளை அமைப்பது எப்படி என்று விளக்கிற்றாம். அது செய்நிரலாக்கம் என்று மட்டும் சொல்லவில்லையாம். எனவே, செய்நிரலாக்கம் தமக்கு வராது என்று எண்ணியிருந்தவர்கள் அஞ்சாமல் அதனைச் செய்துவிட்டார்கள்.

இஃது எவ்வாறு இயன்றது? முதற்படி தாழ்வாக இருந்தமையே காரணம். 1985இல் ஸ்ரோல்மன் வெளியிட்ட குனு ஈமாக்சிலும் இப்பண்பைக் காணலாம். எந்த விசையை அழுத்தினால் எந்தக் கட்டளை இயங்கும் என்று அம்மென்பொருளையே கேட்கலாம். அது பெயரையும் விளக்கத்தையும் காட்டும். அப்பெயரையே பயனாளர் தமது கட்டளைத் தொடரில் எழுதலாம். ஒரு கோப்பைச் சேமிப்பதற்கு முன் இன்ன செயலைச் செய் என்று கட்டளையிடுவதற்கும் அதில் இடமுண்டு. ஒரு வரியில் தொடங்குகின்றவர் நாளடைவில் நூறு வரிகளை எழுதத் துணிகிறார்.

இனி, மென்பொருள் முதிரும்போது எழும் இடர்ப்பாட்டைக் காண்போம். ஒரு வீட்டின் கூரைமரத்தில் அயலார் பலர் தத்தம் பந்தற் கயிறுகளைக் கட்டியிருப்பதாகக் கொள்வோம். மரம் உளுத்துவிட்டால் வீட்டுக்காரர் அதனை மாற்றத்தான் வேண்டும். மாற்றினாற் பந்தல்கள் விழும். மாற்றாவிடில் வீடே விழும்.

பயர்பொக்ஸ் உலாவிக்கு நேர்ந்தது இதுவே. 2004இல் அதன் முதலாம் பதிப்பு வெளிவந்தபோது, நீட்சிகள் உலாவியின் உட்பகுதிகளை ஏறத்தாழத் தடையின்றித் தொட்டு மாற்ற வல்லனவாயிருந்தன. அச்சுதந்திரமே பலரை அதன்பால் ஈர்த்தது. ஆயின் உள்ளமைப்பை மாற்றுந்தோறும் நீட்சிகள் பழுதாயின. வேகமும் பாதுகாப்பும் கருதி உலாவியைப் பல தனிச் செயல்முறைகளாகப் பிரிக்க முற்பட்டபோது, பழைய நீட்சிகள் அதற்குத் தடையாயின. தீய நோக்குடைய நீட்சியொன்று உலாவி முழுவதையும் கைப்பற்றவும் வழியிருந்தது. ஆகவே, வரையறுத்த வாயில்களினூடாக மட்டுமே நீட்சிகள் செயற்படும் புதிய முறையை மொசில்லா நிறுவனம் 2015இல் அறிவித்தது. 2017 நவம்பரில் வெளிவந்த 57ஆம் பதிப்புடன் பழைய முறை நின்றது.

நன்மை உண்டாயிற்று: உலாவி விரைவுபெற்றது, பிற உலாவிகளுக்கென எழுதிய நீட்சிகளையும் சிறு மாற்றத்துடன் அதிற் பயன்படுத்தலாயிற்று. ஆயினும் பழைய நீட்சிகள் சில செய்த வேலைகளுக்குப் புதிய முறையில் வாயிலே இருக்கவில்லை. அவற்றை ஆக்கியோரிற் பலர் மீண்டும் எழுத முன்வரவுமில்லை. பல ஆண்டுப் பழக்கத்தைப் பயனாளர் ஒரே நாளில் இழந்தனர்.

ஈமாக்ஸ் வேறு வழியிற் சென்றது. 2012இல் வெளிவந்த 24ஆம் பதிப்பில், மாறிகளின் எல்லையை வரையறுக்கும் புதிய விதியொன்று அதன் மொழியிற் சேர்க்கப்பட்டது. அதனை எல்லோர் மேலும் சுமத்தினார்களில்லை. புதிய விதியை வேண்டுவோர் தமது கோப்பின் முதல் வரியில் ஒரு குறிப்பை எழுதினாற் போதும். எழுதாதவரின் பழைய கோப்புகள் முன்போலவே இயங்கின. வழக்கொழியும் கட்டளைகளுக்கும், இது பழையது, இன்ன புதியதைக் கொள்க என்ற எச்சரிக்கை தரப்படுகிறது. இதற்கும் விலையுண்டு. பழையதையும் புதியதையும் ஒருங்கே பேணும் சுமை அதனை ஆக்குவோர் தோளில் விழுகிறது. பயர்பொக்சைப் போலப் பகைவரின் வலைத்தளங்களை நாளும் எதிர்கொள்ளும் மென்பொருளுக்கு அத்துணைப் பொறுமை எளிதன்று.

ஆகவே, ஒரு திறந்த மூல மென்பொருளை உங்கள் அலுவலகத்துக்கோ பாடசாலைக்கோ தெரிவு செய்வீர்களாயின், விலையின்மையை மட்டும் நோக்காதீர்கள். புதியவர் ஒருவர் ஒரு வரியில் தொடங்க அதில் இடமுண்டா? எவ்வாயில்கள் நிலைத்திருக்கும் என்பது எழுத்தில் உறுதியளிக்கப்பட்டுள்ளதா? ஒரு வாயிலை மூடுமுன் அறிவித்தலும் மாற்றுவழியும் தரும் வழக்கமுண்டா? இம்மூன்றையும் விசாரித்தறிந்த பின்னரே உங்கள் உழைப்பை அதில் இடுங்கள்.