பக்கத்து பெஞ்சில் ஒரு திரை

வகுப்பு நடக்கும்போது மேசைக்கடியில் செல்போனைத் திறந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் மாணவர்கள் உண்டு. "காது பாடத்தைக் கேட்கிறது, கண் ஸ்கோரைப் பார்க்கிறது. இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது அவர்கள் வாதம். மாணவ நண்பர்களே! இந்த வாதம் சரியா, தவறா? சோதித்துப் பார்த்துவிடுவோம்.

ஒரு சிறு சோதனை

நண்பர் ஒருவரிடம் விநாடி காட்டும் கடிகாரத்தைக் கொடுங்கள். முதலில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை உரக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து அ முதல் ஔ வரை 12 உயிரெழுத்துகளையும் சொல்லுங்கள். ஆன நேரத்தை நண்பர் குறித்துக்கொள்ளட்டும். அடுத்து "ஒன்று, அ, இரண்டு, ஆ, மூன்று, இ" என மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். இரு முறையும் சொன்னவை அதே 24 சொற்கள்தாம். ஆயினும் பெரும்பாலோருக்கு இரண்டாம் முறை கூடுதல் நேரமாகும். நடுவில் தடுமாற்றமும் வரும்.

காரணம் என்ன? மூளை இரு வரிசைகளையும் ஒரே நேரத்தில் நடத்துவதில்லை. ஒன்றை நிறுத்தி, மற்றது எங்கே விட்டது என்று தேடி எடுக்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் சிறிது நேரம் செலவாகிறது. சோதனையில் எழுத்துகள் நமக்காகக் காத்திருந்தன. வகுப்பில் ஆசிரியரின் சொற்கள் காத்திருப்பதில்லை.

கனடாவில் செய்த ஆய்வு

கனடாவின் மெக்மாஸ்டர், யார்க் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த சானா, வெஸ்டன், செபேடா ஆகிய மூவர் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்கள் 45 நிமிட வானிலையியல் விரிவுரை ஒன்றைக் கேட்டு, மடிக்கணினியில் குறிப்பெடுத்தனர். அவர்களில் பாதிப்பேர் இடையிடையே இணையத்தில் வேறு வேலைகளையும் செய்தனர். முடிவில் தேர்வு நடந்தது. பாடத்தை மட்டும் கவனித்தவர்களின் சராசரி 66 சதவீதம். வேறு வேலையும் பார்த்தவர்களின் சராசரி 55 சதவீதம்.

இரண்டாவது சோதனைதான் வியப்பானது. இதில் தேர்வு எழுதியவர்கள் தாளும் பேனாவும் மட்டுமே வைத்திருந்தனர். ஆனால் சிலருடைய பார்வையில் படும்படி, பிறர் மடிக்கணினியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தனர். திரை கண்ணில் படாதவர்கள் 73 சதவீதம் பெற்றனர். பட்டவர்கள் 56 சதவீதமே பெற்றனர்!

ஓரக்கண் செய்யும் வேலை

நமது ஓரப்பார்வையில் எழுத்துகள் தெளிவாகத் தெரியா. ஆனால் அசைவையும் ஒளி மாறுவதையும் அது உடனே உணரும். பக்கத்தில் திரை மின்னினால், நாம் விரும்பாவிட்டாலும் கவனம் அங்கே திரும்புவதற்கு இது ஒரு காரணம் எனலாம்.

இவை ஒரு விரிவுரையை வைத்து, சில பத்து மாணவர்களிடம் செய்த சோதனைகளே. எல்லா வகுப்புக்கும் இதே எண்கள் பொருந்தும் எனக் கொள்ளக்கூடாது. ஆனாலும் "யாருக்கு நஷ்டம்?" என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைத்துவிட்டது. செல்போனைத் தொடாத பக்கத்து மாணவருக்கும் நஷ்டம் உண்டு. ஸ்கோர் பார்ப்பவர் தாமே விரும்பிப் பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவரை யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் செல்போன் நமக்குப் பகையா? இல்லை. ஆசிரியர் அனுமதித்தால் அதிலுள்ள நிறுத்துக்கடிகாரத்தைக் கொண்டு, 1 மீட்டர் நீளமுள்ள தனி ஊசலின் 20 அலைவுகளை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 40 விநாடி வரும். அப்போது செல்போன் பாடத்தின் கருவியாகிவிடுகிறது.

மேலே சொன்ன எண்–எழுத்துச் சோதனையை உங்கள் வகுப்பில் பத்துப் பேரிடம் செய்து, நேரங்களை அட்டவணையாக்குங்கள். சராசரி வேறுபாடு எத்தனை விநாடி என்று கணக்கிட்டு ஆசிரியரிடம் காட்டுங்கள்.