அம்மாச்சி பார்த்த சிங்கப்பூர்

என்ன குட்டீஸ், முழுப்பரீட்சை லீவுக்கு எங்கெல்லாம் போனீங்க? பாட்டி வீடா, அத்தை வீடா? இந்த வாரம் உங்களை சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறேன். துணைக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் பட்டாளமே வருகிறது!

பட்டாளத்தில் நான்கு பேர். 74 வயதான என் அம்மா, பள்ளி ஆசிரியையான அக்கா, ஆறாம் வகுப்பு முடித்த அக்கா மகள், அப்புறம் நான். அக்கா மகளுக்கு நான் சித்தி. என் அம்மா அவளுக்கு அம்மாச்சி. நாமும் அப்படியே அழைப்போம்.

அக்காவும் நானும் இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில்தான் இந்தப் பயணம். "ஆம்பளைத் துணை இல்லாமலா போறீங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "பிளேனை நாமளா ஓட்டப் போறோம்?" என்று கேட்டு, அவர்கள் வாயை அடைத்துவிட்டார் அம்மாச்சி.

சென்னையிலிருந்து சுமார் நான்கரை மணி நேரம் பறந்தால் சிங்கப்பூர். ஒரே நகரம்தான் ஒரு நாடு! பரப்பளவு சுமார் 730 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

சூரியன் ஏன் லேட்டு?

ஐந்து மணிக்கே எழுந்து பழகியவர் அம்மாச்சி. முதல் நாள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தார். மணி ஆறு ஆயிற்று, ஆறரை ஆயிற்று, வெளியே இருட்டு! "இந்த ஊர்ல சூரியனுக்கும் லீவா?" என்று கேட்டார்.

அக்கா விளக்கினார். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில், சுமார் 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. அதனால் வருஷம் முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். கோடைக்காலம், குளிர்காலம் என்று பெரிய வித்தியாசம் கிடையாது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும். அதோடு, கடிகாரத்தையும் சற்று முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆகவே எந்த மாதத்தில் போனாலும் சூரியன் எட்டிப் பார்ப்பது ஏழு மணிவாக்கில்தான்!

நாணயத்தில் தமிழ்

அம்மாச்சி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் மட்டும்தான் தெரியும். நம் ஊர் வங்கியில்கூட ஆங்கிலப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது எழுதித் தருவார்களா என்று நிற்பார்.

சிங்கப்பூரில் ஒரு கடையில் மீதிச் சில்லறை கொடுத்தார்கள். நாணயத்தைத் திருப்பிப் பார்த்த அம்மாச்சி, "அடியே, இதுல தமிழ் இருக்குடி!" என்று கூவிவிட்டார். ஆமாம் குட்டீஸ்! மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அங்கே ஆட்சி மொழிகள். நாணயத்திலும் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் இருக்கிறது. கட்டடம் கட்டும் இடங்களில் "அபாயம்" என்று எச்சரிக்கும் பலகைகளிலும் தமிழைப் பார்க்கலாம். 1935 முதல் வெளிவரும் "தமிழ் முரசு" என்ற நாளிதழும் உண்டு. அதன் பிறகு பலகைகளைப் படித்துச் சொல்லும் வேலையை அம்மாச்சியே எடுத்துக்கொண்டார்.

மேஜை மேல் டிஷ்யூ

சாப்பாட்டுக்கு "ஹாக்கர் சென்டர்" என்ற உணவங்காடிகளுக்குப் போனோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சிறு கடைகள். ஒன்றில் சீன நூடுல்ஸ், அடுத்ததில் மலாய்ச் சோறு, அதற்கடுத்ததில் நம் தோசை! ஒரு காலத்தில் தெருவோரம் விற்றவர்களுக்குத் தண்ணீர், கழிவுநீர் வசதியோடு இடம் அமைத்துக் கொடுத்ததால் வளர்ந்தவை இவை. 2020ல் இந்த உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

காலி மேஜையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால், "இடம் பிடித்தாச்சு" என்று அர்த்தம். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போடுவது மாதிரிதான்! சாப்பிட்டு முடித்தால் தட்டை நாமே எடுத்துப்போய் உரிய இடத்தில் வைக்க வேண்டும். இல்லையென்றால் அபராதம் வரலாம்.

செங்கல்லும் சிவப்புத் துணியும்

மூன்றாம் நாள் சைனாடவுன் பகுதியில் உள்ள சவுத் பிரிட்ஜ் சாலைக்குப் போனோம். அங்கே இருக்கிறது ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1827ல் தொடங்கிய இது, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். இதை நிறுவிய நாராயண பிள்ளை, 1819ல் பினாங்கிலிருந்து வந்தவர். அங்கே செங்கல் சூளை வைத்து, கட்டடங்கள் கட்டித் தந்தார். அதே சாலையில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசலும் இருக்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மேக்ஸ்வெல் சாலை. அங்கே ஒரு சிற்பத்தின் முன்னால் அம்மாச்சி நின்றுவிட்டார். அது "சம்சுய்" பெண்களின் சிற்பம்.

யார் இவர்கள்? 1920 முதல் 1940கள் வரை, சீனாவின் சம்சுய் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலில் வந்த பெண்கள். கட்டட வேலைகளில் மண்ணும் கல்லும் சுமந்தார்கள். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய சிவப்புத் துணியை மடித்துத் தலையில் அணிவார்கள். வெயிலையும் தூசியையும் அது தடுக்கும். பளிச்சென்ற நிறம் என்பதால், வேலை செய்யும் இடத்தில் தூரத்திலிருந்தே ஆள் தெரியும். சம்பாதித்ததில் மிச்சம் பிடித்து, சீனாவிலிருந்த குடும்பத்துக்கு அனுப்பினார்கள். பலருக்கு எழுதத் தெரியாது. கடிதம் எழுதித் தருபவரிடம் காசு கொடுத்து எழுதச் சொல்வார்கள்.

அக்கா இதைச் சொல்லி முடித்ததும், "நானும் இந்த வேலைதானே பார்த்தேன்" என்றார் அம்மாச்சி.

எங்கள் அப்பா இறந்த பிறகு, ஒன்பது வருஷம் அம்மா சித்தாளாக வேலை பார்த்தார். கொத்தனாருக்குக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுப்பவர்தான் சித்தாள். தலையில் சும்மாடு வைத்து, சாந்துச் சட்டியைச் சுமந்துதான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். பேத்திக்கு இது இதுவரை தெரியாது.

"எந்தக் கட்டடம் கட்டினீங்க அம்மாச்சி?"

"நம்ம ஊர் பள்ளிக்கூடத்து மாடி, சந்தைக்கடை, இன்னும் எத்தனையோ."

"அதுல உங்க பேரு இருக்கா?"

"சித்தாள் பேரை எங்கேடி போடுவாங்க?" என்று சிரித்தார் அம்மாச்சி.

பேத்தி சிரிக்கவில்லை. அம்மாச்சியைச் சிற்பத்தின் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். அன்றிலிருந்து, எதைப் பார்த்தாலும் "இதை யார் செஞ்சாங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

பூவுக்குள் ஒரு பெயர்

மறுநாள் தாவரவியல் பூங்கா. 1859ல் அமைந்த இது, 2015ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இங்கேயும் அதே கேள்வி! விடை சொன்னது ஓர் ஆர்க்கிட் பூ. சிங்கப்பூரின் தேசிய மலரான அதன் பெயர் "வாண்டா மிஸ் ஜோக்கிம்".

ஆக்னஸ் ஜோக்கிம், சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியக் குடும்பத்துப் பெண். இரண்டு வகை ஆர்க்கிட்களைச் சேர்த்து இந்தப் புதிய பூவை உருவாக்கினார். 1893ல் பூங்கா இயக்குநர் ஹென்றி ரிட்லி அதை எழுதியும் வைத்தார். ஆனாலும் பிற்காலத்தில் பலர், "தோட்டத்தில் தானாக வளர்ந்த பூ அது, அவர் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்" என்று சொல்லிவந்தார்கள். ஆய்வாளர்கள் பழைய குறிப்புகளைத் தேடி எடுத்து வாதாடினார்கள். இன்று, உருவாக்கியவர் ஆக்னஸ்தான் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ராணிப் படை

கடைசி நாள் எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போனோம். அங்கே இந்திய தேசிய ராணுவத்தின் நினைவிடம் இருந்த இடத்தைக் காட்டும் சின்னம் இருக்கிறது. 1943ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில்தான் "ஜான்சி ராணி படை"யை அமைத்தார். முழுக்க முழுக்கப் பெண்கள் படை! அதன் தலைவி, சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி. மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஏராளமான பெண்கள் இதில் சேர்ந்து, துப்பாக்கி பிடிக்கப் பயிற்சி பெற்றார்கள். லட்சுமியின் பெயர் நமக்குத் தெரியும். அந்தத் தோட்டத்துப் பெண்களில் பலரின் பெயர் நமக்குத் தெரியாது.

உங்களுக்கு ஒரு வேலை

குட்டீஸ், சிங்கப்பூர் போகத்தான் காசு வேண்டும். இந்த வேலைக்குக் காசே வேண்டாம்! இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாட்டி, பெரியம்மா, அத்தை யாரிடமாவது உட்காருங்கள். "சின்ன வயசுல நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேளுங்கள். நாற்று நட்டிருப்பார்கள், பீடி சுற்றியிருப்பார்கள், தறி நெய்திருப்பார்கள். சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் அவர்கள் பெயரை முழுசாக, பெரிய எழுத்தில் எழுத மறந்துவிடாதீர்கள்!