நியூப்ரோனர் எந்த ஊர்க்காரர்?

ஜொகூர் பாருவில் ஒரு ஜெர்மன் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் போன வாரம் ஒரு கேள்வியோடு வந்தான். வெளிநாட்டுப் பயணத்துக்குப் படிவம் நிரப்பும்போதெல்லாம் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட வேண்டியிருக்கிறதாம். அங்கே போய் இறங்கினால் எல்லாரும் இவனை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். “அவங்களுக்கெல்லாம் நானூறு, ஐந்நூறு வருஷமா ஒரே பேர் வருது சித்தப்பா. நமக்கு மட்டும் ஏன் இல்ல?” என்றான். இரண்டு தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்தக் கேள்வி நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. நம்மிடம் ஏதோ குறை என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணத்துக்கு ஆதாரமே கிடையாது.

ஜெர்மன்காரர்களும் ஒரு காலத்தில் ஒற்றைப் பெயரோடு இருந்தவர்கள்தான். 12-ஆம் நூற்றாண்டிலிருந்து நகரங்கள் பெருத்தன. ஒரே தெருவில் ஐந்தாறு யோஹான் இருந்தால் வரிக்கணக்கு எழுதுகிறவர் என்ன செய்வார்? மாவு அரைக்கும் யோஹான், கொல்லர் யோஹான் என்று அடையாளம் சேர்த்து எழுதினார். முல்லர், ஷ்மிட், ஷ்னைடர் எல்லாம் இப்படித் தொழிலிலிருந்து வந்தவை. நாளடைவில் மகன் மாவரைக்கும் வேலையை விட்டாலும் முல்லர் என்ற பெயர் அவனை விடவில்லை.

எல்லா ஜெர்மானியரும் ஒரே காலத்தில் இதற்கு வரவில்லை என்பது முக்கியம். வடக்குக் கடற்கரைப் பகுதிகளில், குறிப்பாக ஷ்லெஸ்விக்கிலும் கிழக்கு ஃப்ரீஸ்லாந்திலும், தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிக்கொண்டே வந்தது. பீட்டரின் மகன் பீட்டர்சன். அவன் பெயர் ஹான்ஸ் என்றால், அவன் பிள்ளை ஹான்சன். நம் அடையாள அட்டையான ஐசியில் ‘இன்னாரின் மகன்’ என்று காட்டும் ‘ஏ/எல்’ முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசமே இல்லை. ஷ்லெஸ்விக்கில் 1771-இல் அரசாணை போட்டுத்தான் பெயரை நிலைநிறுத்தினார்கள். கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக்கு 1811-இல் நெப்போலியனின் ஆணை வந்தது. படைக்கு ஆள் எடுக்கவும் வரி வசூலிக்கவும் அரசுக்கு நிலையான பெயர் வேண்டியிருந்தது. ஐஸ்லாந்தில் இன்றுவரை பெரும்பாலோர் அப்பா பெயரைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். யாரும் அவர்களைக் குறைவாக நினைப்பதில்லை.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். ஜொகூரின் மூவாரிலிருந்து வண்டியை எடுத்தால் ஒரு மணி நேரத்தில் மலாக்கா. அங்கே யூரேசியர் குடும்பங்களில் நியூப்ரோனர் என்றொரு பெயர் உண்டு. டச்சுக்காரர் காலத்தில் வேரூன்றிய ஜெர்மன் பெயர் அது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கில் பேர் சொல்லும் கட்டடக் கலைஞராக இருந்த ஹென்றி ஆல்ஃபிரட் நியூப்ரோனர் இந்தப் பெயருக்கு உரியவர். ஜெர்மன் உச்சரிப்பில் இது நொய்ப்ரொன்னர். ‘நொய்’ புதிது, ‘ப்ரொன்’ ஊற்று அல்லது கிணறு, கடைசியில் வரும் ‘அர்’ அந்த ஊர்க்காரர். நம்மூரில் புதுக்கிணறு என்று ஊர் இருந்தால் புதுக்கிணற்றார் என்போமே, அதேதான். தென்ஜெர்மனியில் நொய்ப்ரொன் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் இருக்கின்றன.

இங்கே பலர் தடுமாறுவார்கள். ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்தில் குரோன்பெர்க் என்ற ஊரில் யூலியுஸ் நொய்ப்ரொன்னர் என்றொரு மருந்தாளர் இருந்தார். புறாவின் நெஞ்சில் சின்னக் கேமரா கட்டிப் பறக்கவிட்டு, 1908-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கியவர். பெயர் ஒன்றுதானே, மலாக்காக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருக்கும் என்று தோன்றும். அப்படி முடிவு கட்டக் கூடாது. இரண்டு வெவ்வேறு நொய்ப்ரொன்களிலிருந்து இரண்டு பேர் கிளம்பினாலும் இருவருக்கும் இதே பெயர்தான் ஒட்டும். முல்லர்களின் கதை இன்னும் மோசம், மாவு அரைக்காத ஊர் ஏது? குடும்பப் பெயர் ஒரு குறிப்பைத்தான் தரும். உறவை நிரூபிக்க ஏடு வேண்டும்.

அந்த ஏடு மலாக்காக் குடும்பங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. 1641-இல் ஜொகூர் சுல்தானின் உதவியோடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தது. கம்பெனிக்கு டச்சு ஆட்கள் போதவில்லை. அதன் காலம் முழுக்க ஏறக்குறைய பத்து லட்சம் பேர் அதன் கப்பல்களில் கிழக்கே வந்தார்கள். அவர்களில் வெளிநாட்டவர் ஏராளம், அந்த வெளிநாட்டவரில் பெரும் பகுதி ஜெர்மானியர். பிழைப்புத் தேடி ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த ஏழை இளைஞனைத் தரகர்கள் பிடித்துக்கொள்வார்கள். கப்பல் கிளம்பும்வரை சோறும் படுக்கையும் கொடுப்பார்கள், கடனை எழுதிக்கொள்வார்கள், பிறகு அது அவன் சம்பளத்திலிருந்து கழியும். ஊரில் வந்து முன்பணம் கொடுத்துத் தோட்டத்துக்கு ஆள் கட்டிய கங்காணியை நம் தாத்தாக்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. கம்பெனிக் கப்பலின் சம்பளப் பேரேட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கணக்கு. பெயர், அவன் எந்த ஊர், என்ன வேலை, எவ்வளவு கடன், வேலை எங்கே எப்படி முடிந்தது என்பது வரை வரிசையாக இருக்கும். எழுத்தர் டச்சுக்காரர், காதில் விழுந்தபடி எழுதினார். ஷ்மிட் ஸ்மிட்டாகியிருப்பார், யோஹான் யானாகியிருப்பார். பெயர் சிதைந்தாலும் பக்கத்தில் ஊர் இருந்தது. அந்த ஏடுகள் நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் வழி கண்டுபிடிப்பது அந்த ஊர்ப் பெயரை வைத்துத்தான்.

தமிழருக்கும் இப்படி நடந்திருக்கிறது. தமிழ் வேர் கொண்ட ஒண்டாச்சி குடும்பம் 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கொழும்பில் கம்பெனியோடும் தேவாலயத்தோடும் சேர்ந்தது, பெயரும் நிலைத்தது. அதில் 1758-இல் கொழும்பில் பிறந்த பீட்டர் குவின்ட் ஒண்டாச்சி, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் மக்களாட்சிக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, 1818-இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இறந்தார். நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சியும் அந்தப் பெயருக்கு உரியவர்தான். பெயரை ஏட்டில் ஏற்றிய ஒரு நிர்வாகம் இருந்ததால் முந்நூறு வருடத்தைத் தாண்டியும் நூல் அறவில்லை.

நம் தோட்டங்களிலும் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு இருந்தது. கணக்கெழுதும் கிராணியும் காதில் விழுந்தபடிதான் எழுதினார். ஒரே வீட்டில் அக்கா லெட்சுமி, தங்கை லெச்சுமி. ஆனால் சம்பளம் போட ஊர் எதற்கு? பிறகு வந்த பிறப்புப் பத்திரத்திலும் ஐசியிலும் ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி வந்தது. அது ஒரு தலைமுறையைக் காட்டும், தாத்தா அதில் இல்லை. நாம் இழந்தது குடும்பப் பெயரை என்று அண்ணன் மகன் நினைத்தான். இழந்தது ஊர்ப் பெயரை. எனக்கு மனம் வேகிறதென்றால் அதற்காகத்தான்.

மீட்க வழி இருக்கிறது, அதுவும் பாட்டிமார் இருக்கும்வரை சுலபமான வழி. குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். வெறும் அங்காளம்மன், அய்யனார் என்று விட்டுவிடாமல், எந்த ஊர்க் கோயில், பங்காளிகள் யார் என்று கேளுங்கள். குலதெய்வத்துக்குக் கோயில் ஒரு குறிப்பிட்ட மண்ணில் இருக்கும், நொய்ப்ரொன்னைவிடத் தெளிவான முகவரி அது. அடுத்து, பழைய கடப்பிதழிலோ கடித உறையிலோ ஊர் இருந்தால் தாலுக்காவையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். தாத்தா சேலம் ஜில்லா என்று சொல்லியிருந்தால் அந்த ஊர் இன்று சேலத்தில் இருக்கலாம், 1965-இல் பிரிந்த தர்மபுரியில் இருக்கலாம், 1997-இல் பிரிந்த நாமக்கல்லிலும் இருக்கலாம். தஞ்சாவூர் ஜில்லா என்றால் நாகப்பட்டினத்தையும் திருவாரூரையும் சேர்த்துத் தேட வேண்டும். அண்ணன் மகன் கைப்பேசியை எடுத்து அங்கேயே அம்மாவுக்கு அடித்தான். தாலுக்கா முசிறி என்று தெரிந்தது, கோயில் இருக்கும் ஊரை அவன் பெரியம்மாவிடம் கேட்க வேண்டுமாம்.