காப்புப் பருவத்துக்கு முன்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்பு. குழந்தையின் மூன்றாந் திங்களில், அதனைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டுதல் மரபு. ஆயின், ஏழாம் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிடும் குழவிக்கு அத்துணைக் காலம் பொறுத்தல் இயலாது. அதற்குக் காப்பு முதல் வாரங்களிலேயே வேண்டும்.

குறைமாதக் குழவியின் குடல் முதிராதது. சிலபோது அதன் சுவர் அழன்று, இழையம் மடிந்து, ஈற்றில் துளைபடுதலும் உண்டு. மருத்துவர் இதனை ‘நெக்ரோடைசிங் என்ரறோகொலைற்றிஸ்’ என்பர். குடலழுகல் நோய் என நாம் வழங்கலாம். 1500 கிராமுக்குக் குறைந்த நிறையுடன் பிறந்தோர்க்கே அச்சம் மிகுதி.

வயிறு ஊதி இறுகுதல், பச்சை நிற வாந்தி, மலத்திற் குருதி, பால் வேண்டாமை, சோர்வு, இடையிடையே மூச்சு நிற்றல் என்பன இதன் குறிகள். பெரும்பாலும் மருத்துவமனையிலிருக்கும்போதே இவை தோன்றும். வீடு திரும்பிய பின்னரும் தோன்றலாம். அப்பொழுதுதான் இடர் பெரிது. வயிறு ஊதினால் ‘மாந்தம்’ என்று உரைமருந்து புகட்டுவது நம் கிராமங்களின் பழைய வழக்கம். புத்தளத்துக்கு வடக்கே கடலோரத்திலுள்ள கரைத்தீவு போன்ற ஊர்களில், அவ்வாறு கழியும் ஓர் இரவே உயிருக்கு விலையாகிவிடும். குறைமாதக் குழவியிடத்து இக்குறிகளைக் கண்டால் எதுவும் புகட்டாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அங்கே பாலூட்டலை நிறுத்தி, குழாய் வழியே இரைப்பையின் அழுத்தத்தைத் தணித்து, நாளம் வழியே மருந்தேற்றுவர். குடல் துளைபட்டிருப்பின் அறுவை செய்வர்.

வருமுன் காக்கும் வழியுள் தலையாயது தாய்ப்பால். 1990இல் இங்கிலாந்தில் லூக்கஸ், கோல் என்னும் இருவர் 926 குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். தாய்ப்பால் மட்டும் உண்டவரினும், பால்மா மட்டும் உண்டவர்க்கு இந்நோய் ஆறு முதல் பத்து மடங்கு மிகுதி என்பது அதன் முடிபு. அதற்கு முந்திய ஆண்டிலேயே மும்பை சயன் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி தோன்றிற்று; ஒரு தாயின் பால் பிறிதொரு தாயின் பிள்ளையைக் காத்தது.

பிள்ளை உறிஞ்ச வலியற்றிருப்பினும், தாய் பாலைப் பீய்ச்சிக் கொடுக்கலாம். முதலில் வருவது சில துளியே. “பால் இல்லை” என்று வீட்டார் அவளைச் சோர்வித்தல் ஆகாது. தாய்ப்பால் உண்டும் நோயுறும் குழவிகள் உண்டு. அதற்காகத் தாயைப் பழித்தல் அறமன்று.

தெய்வங்களை வேண்டுவோம், அது நம் மரபு. அதற்கு முன், அத்துளிச் சீம்பாலைக் குழவியின் வாய்க்குச் சேர்ப்பிப்போம். அதுவே முதற் காப்பு.