கோட்டை விட்ட காவல்: ஆக்ராவில் தப்பியவர் செஞ்சிக்கு வந்த கதை

திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராத்தியக் கோட்டைகளை ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. கோனார்களும் நாயக்கர்களும் எழுப்பிய கோட்டை, தேசிங்கு ராஜன் கதை பாடும் ஊர். இங்கே மராத்தியருக்கு என்ன வேலை என்ற கேள்வி அப்போது பலருக்கும் எழுந்தது.

பதில் 1666-ல், ஆக்ராவில் தொடங்குகிறது. அந்த ஆகஸ்ட் மாதம் சிவாஜி என்ற மராத்தியக் கைதி காவலர்களின் கண்முன்னே வெளியேறாமல் இருந்திருந்தால், 1677-ல் செஞ்சிக்குப் படை வந்திருக்காது. இந்தியாவில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அந்தத் தப்பியோட்டத்தின் கதை ஏட்டில் ஏறியதற்கும் இதே செஞ்சிக்கும் தொடர்பு உண்டு.

ஆக்ராவுக்கு ஏன் போனார் சிவாஜி?

1665 ஜூனில் முகலாயத் தளபதி மிர்சா ராஜா ஜெய்சிங்குடன் புரந்தர் உடன்படிக்கை. அதன்படி சிவாஜி 23 கோட்டைகளை ஒப்படைத்தார், 12-ஐ வைத்துக்கொண்டார். பேரரசர் ஔரங்கசீப்பை நேரில் பார்த்துவிட்டு வந்தால் நல்லது என்று ஜெய்சிங் வற்புறுத்தினார். உயிருக்கு ஆபத்து வராது என்ற உறுதியும் கொடுத்தார். தன் மகன், சிறுவன் சம்பாஜியையும் அழைத்துக்கொண்டு சிவாஜி கிளம்பினார்.

1666 மே 12, பேரரசரின் பிறந்தநாள் தர்பார். ஐயாயிரம் குதிரைகளுக்குரிய பிரபுக்களின் வரிசையில், பின்னால் நிறுத்தப்பட்டார் சிவாஜி. அவமானம் பொறுக்காமல் அங்கேயே குரலை உயர்த்தினார். அதன் பிறகு தர்பாருக்குள் நுழைய முடியவில்லை, ஊருக்குத் திரும்பவும் முடியவில்லை.

காராகிருகம், விலங்கு எதுவும் இல்லை. இன்றைய வழக்கில் சொன்னால் வீட்டுக்காவல். நகரக் காவல் தலைவர் (கோத்வால்) ஃபுலாத் கானின் ஆட்கள் தங்குமிடத்தைச் சுற்றி நின்றார்கள், பீரங்கிகளும் நின்றன. ஜெய்சிங்கின் மகன் ராம்சிங் ஜாமீன் எழுதிக் கொடுத்திருந்தார். வெளியே பேரரசின் காவல், உள்ளே நண்பர் வீட்டு ஜாமீன் என்று இரட்டைப் பூட்டு.

மூன்று மாதம் என்ன செய்தார்?

சுவர் ஏறவில்லை, சுரங்கம் தோண்டவில்லை. காவலர்கள் தன்னைப் பார்க்கும் விதத்தை மாற்றுவதில்தான் அவருடைய கவனமெல்லாம் இருந்தது.

முதலில், தன்னோடு வந்த படையாட்களை ஊருக்கு அனுப்ப அனுமதி கேட்டார். ஆட்கள் குறைந்தால் காவலுக்கும் சுமை குறையும் என்பதால் அனுமதி கிடைத்தது. காவலர்களின் கண்ணில் அவர் பலமிழந்தவர் ஆனார். உண்மையில், தான் தப்பினால் பழிவாங்கலுக்கு ஆளாகக்கூடியவர்களை அவர் முன்கூட்டியே பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார். தனக்காக ராம்சிங் எழுதிய ஜாமீனை விலக்கிக்கொள்ளச் சொல்லியும் வலியுறுத்தினார்.

அடுத்தது நோய். உடம்பு சரியில்லை என்று படுத்தார். நோய் தீர வேண்டும் என்று பிராமணர்களுக்கும் பக்கிரிகளுக்கும் பிரபுக்களுக்கும் தினமும் இனிப்பு அனுப்பினார். ஆளுயரக் கம்பில் தொங்கும் பெரிய கூடைகள், முன்னும் பின்னும் தோள் கொடுக்கும் சுமையாட்கள். ஆரம்பத்தில் காவலர்கள் ஒவ்வொரு கூடையையும் திறந்து பார்த்தார்கள். உள்ளே இனிப்பு. மறுநாளும் இனிப்பு. நாளாக நாளாகத் திறப்பது குறைந்து, பிறகு நின்றேபோனது.

1666 ஆகஸ்ட் 17 மாலை வழக்கம்போல் கூடைகள் கிளம்பின. இந்த முறை தந்தையும் மகனும் அவற்றோடு போய்விட்டார்கள்.

கூடைக்குள் இருந்தாரா, கூடையைச் சுமந்தாரா?

இதில் ஆதாரங்கள் ஒத்துப்போகவில்லை. கூடைக்குள் உட்கார்ந்து போனார் என்பது மராத்திய மரபு. சுமையாள் வேடத்தில் தோள் கொடுத்து நடந்தே வெளியேறியிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. ஆக்ராவில் இருந்த ஜெய்சிங்கின் அலுவலர்கள் அன்றாடம் ராஜஸ்தானி மொழியில் எழுதிய கடிதங்கள் பின்னாளில் கிடைத்தன. காவல் எப்படிப் போடப்பட்டது, தப்பிய பின் எவ்வளவு குழப்பம் நிலவியது என்பதெல்லாம் அவற்றிலிருந்துதான் தெரியவருகிறது. வரலாற்றாசிரியர் ஜாதுநாத் சர்க்கார் அவற்றைப் பயன்படுத்தி இந்த நிகழ்வை விரிவாக எழுதினார்.

கூடைக் கதையைச் சொல்லும் முக்கியமான மராத்தி நூல் சபாசத் பகர். 1690-களில் கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் இதை எழுதினார். எழுதச் சொன்னவர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். எழுதப்பட்ட இடம் செஞ்சி. முகலாயப் படை கோட்டையைச் சூழ்ந்திருந்த காலம் அது. தந்தை முகலாயக் காவலிலிருந்து தப்பிய கதையை, முகலாய முற்றுகைக்குள் இருந்துகொண்டு மகன் எழுதி வாங்கியிருக்கிறார்.

படுக்கையில் தெரிந்த கை

வெளியேறுவது பாதி வேலைதான். கைதி இல்லை என்பது காவலுக்கு எவ்வளவு தாமதமாகத் தெரிகிறது என்பதுதான் மீதி.

ஹிரோஜி பர்ஸந்த் என்பவர் சிவாஜியின் படுக்கையில் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார். ஒரு கை மட்டும் வெளியே. அதில் சிவாஜியின் தங்கக் கங்கணம். ஒரு பையன் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்த காவலர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மறுநாள் ஹிரோஜி எழுந்து, தலைவருக்குத் தலைவலி, சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார் என்கிறது மரபு. சந்தேகம் வந்து உள்ளே நுழைந்தபோது அறை காலி.

296 ஆண்டுகளுக்குப் பிறகு, 1962 ஜூன் 11 இரவு, அமெரிக்காவின் அல்கட்ராஸ் தீவுச் சிறையில் இதே உத்தி பலித்தது. ஃபிராங்க் மோரிஸும் ஆங்லின் சகோதரர்கள் இருவரும் காகிதக்கூழும் சோப்பும் சேர்த்துத் தலை செய்து, முடிதிருத்தும் இடத்தில் சேர்த்த உண்மையான முடியை ஒட்டித் தலையணையில் வைத்துவிட்டுப் போனார்கள். இரவுக் காவலர்கள் எண்ணிக்கை எடுத்தார்கள், கணக்கு சரியாக வந்தது. விடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

சாமியார் வேடம்

வடக்கே மதுராவுக்குப் போனார் சிவாஜி. தெற்கே போகும் சாலைகளில்தான் தேடுவார்கள் என்பது அவர் கணக்கு. தாடி மீசையை மழித்து, சாம்பல் பூசி, துறவிகள் கூட்டத்தில் கலந்தார். தந்தையும் சிறுவனும் சேர்ந்து போனால் அடையாளம் தெரிந்துவிடும் என்று சம்பாஜியை மதுராவில் ஒரு பிராமணக் குடும்பத்திடம் விட்டார். பிறகு மகன் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பித் தேடுதலையும் தளர்த்தினார். தன் ராஜ்கட் கோட்டைக்குப் போய்ச் சேர ஆன காலம் 25 நாளா, மூன்று மாதமா என்பதில் குறிப்புகள் வேறுபடுகின்றன.

காவி கட்டினால் யாரும் ஊர் பேர் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புதிதல்ல. தேடப்படுகிறவர்கள் சாதுக்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கிரிவலப் பாதையில் தங்கியிருப்பவர்களின் விவரங்களைக் காவல்துறை அவ்வப்போது பதிவு செய்கிறது.

தப்பியவரே காவல் வைத்தபோது

1674-ல் முடிசூடிய சிவாஜி, 1677-ல் தெற்கே படையெடுத்தார். அந்த ஆண்டே செஞ்சி அவர் கைக்கு வந்தது. வேலூர்க் கோட்டை நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1678-ல் விழுந்தது.

இடையில் கொள்ளிடக் கரையில், திருமழபாடி அருகே, தஞ்சையை ஆண்ட தன் மாற்றாந்தாய் மகனான தம்பி ஏகோஜியை வரவழைத்தார். தந்தை ஷாஜியின் சொத்தில் பங்கு கேட்டார். பேச்சு நீண்டது. தன்னைப் பிடித்து வைத்துவிடுவார்களோ என்று பயந்த ஏகோஜி, ஓர் இரவில் கட்டுமரத்தில் கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சைக்குப் போய்விட்டார். ஆக்ரா காவலை ஏமாற்றியவரின் பாசறையிலிருந்தே ஒருவர் நழுவிவிட்டார்.

அடுத்த தலைமுறையிலும் இது தொடர்ந்தது. 1689-ல் அண்ணன் சம்பாஜி கொல்லப்பட்ட பின், ராய்கட் கோட்டை முற்றுகையிலிருந்து தப்பிய ராஜாராம் யாத்திரிகர் வேடத்தில் செஞ்சிக்கு வந்தார். வழியில் ஓரிடத்தில் பரிவாரம் மாட்டிக்கொள்ளப் பார்த்தது. யாத்திரிகர்களில் ஒருவருக்கு மட்டும் மற்றவர்கள் கால் கழுவிவிட்டதைப் பார்த்து ஊரார் சந்தேகப்பட்டார்கள் என்கின்றன மராத்திய வரலாறுகள். வேடத்தை மாற்றியவர்களுக்கு மரியாதை காட்டும் பழக்கத்தை மாற்ற முடியவில்லை.

1690 முதல் 1698 வரை செஞ்சி முற்றுகையில் இருந்தது. கோட்டை விழுவதற்குச் சற்று முன் ராஜாராம் வேலூர் வழியாக வெளியேறினார். முற்றுகையை நடத்திய ஜுல்பிகார் கான் கண்டும் காணாமல் இருந்தார் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் பலர்.

நம் காலத்துச் சிறைகளில்?

உத்திகள் பெரிதாக மாறவில்லை. முதல் உத்தி, காவலை அசரவைப்பது. 1986 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, தில்லி திஹார் சிறையில் தொடர் கொலையாளி சார்லஸ் சோப்ராஜ் பிறந்தநாள் என்று சொல்லி இனிப்பு வழங்கினார். அதில் மயக்க மருந்து. சுருண்டு விழுந்த காவலர்களைத் தாண்டிக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினார். மூன்று வாரத்தில் கோவாவில் ஓர் உணவகத்தில் மும்பைக் காவல் ஆய்வாளர் மதுகர் ஜெண்டே அவரைப் பிடித்தார். தாய்லாந்தில் காத்திருந்த கொலை வழக்குக்கு நாடு கடத்தப்படாமல் இருக்க, இந்தியச் சிறைவாசத்தை நீட்டிக்கவே அவர் அப்படிச் செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

இரண்டாவது, காவல் தளரும் நாளைத் தேர்ந்தெடுப்பது. 1942 தீபாவளி இரவில் விடுதலைப் போராட்டத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஐந்து தோழர்களும் ஹஸாரிபாக் சிறையின் மதிலை வேட்டிகளை முடிச்சிட்டு ஏறித் தாண்டினார்கள். உள்ளே மற்ற கைதிகள் பாட்டும் கூத்துமாக இருந்தார்கள். தப்பியது தெரியப் பல மணி நேரம் ஆனது. 1995 சுதந்திர தினத்தையொட்டி, வேலூர்க் கோட்டையின் திப்பு மகாலில் வைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் 43 பேர் சுரங்கம் தோண்டி வெளியேறினார்கள். அகழியும் கருங்கல் மதிலும் வெளியிலிருந்து வரும் படையைத் தடுக்கக் கட்டியவை. உள்ளே நாள்கணக்கில் சேரும் மண்ணைக் கவனிப்பது மனிதர்களின் வேலை.

மூன்றாவது, காவலையே வாங்கிவிடுவது. 1990-ல் சென்னை மத்திய சிறையிலிருந்து கொலை வழக்குக் கைதி ஆட்டோ சங்கர் தப்பியதில் சிறைக்காவலர்களின் உதவி இருந்தது. ஒடிசாவின் ரூர்கேலாவில் பிடிபட்டார்.

இவை பெரிய வழக்குகள். நாளிதழில் அடிக்கடி வருவது சின்னச் செய்தி: மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற கைதி, கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி ஓட்டம், வழிக்காவலுக்குச் சென்ற காவலர்கள் சஸ்பெண்ட். நோய் என்று படுத்த ஆக்ரா கைதியின் உத்திதான், பெரிய திட்டமில்லாமல்.

சட்டம் யாரைத் தண்டிக்கிறது?

ஆக்ராவில் பழி ராம்சிங்கின் தலையில் விழுந்தது. பதவியும் தர்பார் நுழைவும் போயின. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 262-வது பிரிவின்படி, சட்டபூர்வக் காவலிலிருந்து தப்பும் கைதிக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதற்கு முந்தைய 261-வது பிரிவு காவலருக்கானது. அலட்சியத்தால் கைதியைத் தப்பவிட்ட அரசு ஊழியருக்கு 2 ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே விட்டிருந்தால் 260-வது பிரிவு. கைதியின் தண்டனை எவ்வளவு பெரியதோ அதற்கேற்பக் காவலரின் தண்டனையும் ஏறும்.

அதாவது ஓடியவருக்கும் கூடையைத் திறந்து பார்க்காதவருக்கும் சட்டம் வைத்திருக்கும் உச்ச வரம்பு ஒரே இரண்டு ஆண்டுதான். தப்பியோட்டத்தைக் கைதியின் சாமர்த்தியமாக மட்டும் சட்டம் பார்க்கவில்லை. காவலர்களை அடிக்கடி இடம் மாற்றுவது, நேரம் சொல்லாமல் அறைகளைச் சோதிப்பது, தலையை எண்ணும்போது முகத்தையும் பார்ப்பது என்று சிறை நிர்வாகங்கள் வலியுறுத்தும் நடைமுறைகள் எல்லாம் காவலர் எதற்கும் பழகிவிடக் கூடாது என்பதற்குத்தான். ஃபுலாத் கானிடம் ஆளும் பீரங்கியும் இருந்தன. நூறாவது கூடையையும் முதல் கூடையாக நினைத்துத் திறந்து பார்க்க ஒரு காவலர் இருந்திருந்தால் போதும், செஞ்சியின் வரலாறு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.